சுழலும் தண்டும் தாங்கும் குண்டும்



எங்கள் ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். நெடுந்தூரப் பயணத்திற்கு முன் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை இடாமல் அவர் மாடுகளைப் பூட்டியதே இல்லை. “மாடு களைத்தால் சொல்லிவிட்டு நிற்கும், அச்சு களைத்தால் சொல்லாமல் நிற்கும்” என்பார். அவர் பௌதிக நூல் எதையும் படித்தவர் அல்லர். ஆயினும், சுழலும் பொருளுக்கும் அதைத் தாங்கும் பொருளுக்கும் இடையே உராய்வு என்னும் பகைவன் ஒளிந்திருக்கிறான் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த முதியவரின் அச்சுக்கு நெருங்கிய உறவுடையது. பழைய இருவீச்சு மோட்டார் சைக்கிளின், அதாவது டூ ஸ்ட்ரோக் வண்டியின், எஞ்சினுக்குள் தேய்ந்துபோன பேரிங்குகளை மாற்ற வேண்டிய நிலை வந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் தேர்ந்தெடுப்பது என்பதே அப்பொருள். இது மெக்கானிக்குகளின் கவலை அல்லவா, மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தாத்தாவின் பழைய வண்டியைத் தூசி தட்டி மீண்டும் ஓட்ட விரும்புகிறவர்கள் இன்று பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே. தவிர, நீங்கள் வகுப்பறையில் படிக்கும் வெப்ப விரிவும் உராய்வும் உயிரோடு உலவும் இடம் அந்த எஞ்சின்.

நான் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு விபத்து. மைசூரில் 1961-ஆம் ஆண்டு முதல் 1996-ஆம் ஆண்டு வரை இயங்கிய தொழிற்சாலையில் உருவான 250 சி.சி. வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தந்தையார் ஓட்டியது. பல ஆண்டுகள் கொட்டகையில் உறங்கிய அதனைச் சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி எழுப்பினான். பட்டறை ஒன்றில் எஞ்சினைப் பிரித்துப் புதிய பேரிங்குகளைப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டி ஓடிற்று, ஓடியது மட்டுமன்று, பாடிற்று. இரண்டு வாரம் கழித்து எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து மெல்லிய ஊளை போன்ற ஓர் ஒலி எழுந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று இருவரும் சமாதானம் செய்துகொண்டோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில், கீரனூரை நெருங்கும்போது, எஞ்சின் ஒரே கணத்தில் இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் சங்கிலி நிற்கும். சங்கிலி நின்றால் பின்சக்கரம் நிற்கும். கிளட்ச் பிடியை உடனே இழுத்திருந்தால் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டிருக்கும். ஆனால் தம்பிக்கு அதை நினைக்கவும் நேரம் இல்லை. பூட்டிக்கொண்ட சக்கரம் சாலையில் தேய்ந்துகொண்டே பக்கவாட்டில் ஓட, நாங்கள் இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சில அடி தூரத்தில் வண்டியை நிறுத்தினார். தலைக்கவசம் அணிந்திருந்ததால் தலை தப்பிற்று. தம்பியின் காறை எலும்பு முறிந்தது.

பின்னர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது, புதிதாகப் போட்ட பேரிங் ஒன்றின் உள்வளையம் நீலம் பாரித்துக் கிடந்தது. பாம்பு கடித்த உடல்போல என்று நினைத்துக்கொண்டேன். எஃகு அளவு மீறிச் சூடானால் இப்படி நிறம் மாறும். குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு உடைந்து துண்டுகளாகியிருந்தது. அந்தப் பேரிங்கின் எண்ணைப் பார்த்தேன். எண் சரியாகவே இருந்தது; அந்த எண்ணின் வால்தான் தவறு. அந்த வாலின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இருவீச்சு எஞ்சினின் இயல்பை அறிந்துகொள்வோம். நான்குவீச்சு எஞ்சினில் தண்டு இரண்டு முறை சுழலும்போது ஒரு முறைதான் வெடிப்பு நிகழும். இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்திற்கு 4,000 சுற்று என்றால் 4,000 அடி; விநாடிக்கு அறுபதுக்கும் மேல். பிஸ்டனின் தலைமேல் விழும் இந்த அடி, இணைப்புக் கோல் வழியாகக் கிராங்க் தண்டுக்கு வருகிறது. அத்தண்டை இருபுறமும் தாங்கி நிற்பவையே தலைமைப் பேரிங்குகள். இணைப்புக் கோலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஊசிபோன்ற அல்லது சிறு உருளைகள் கொண்ட பேரிங்குகள் இருப்பது வழக்கம். இன்று நான் பேசுவது பெரும்பாலும் தலைமைப் பேரிங்குகளைப் பற்றியே.

இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1891-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை ஒன்று இவ்வகை எஞ்சின்களின் அடிப்படையாயிற்று. அதன்படி, தண்டு சுழலும் அடிப்பெட்டியே ஒரு பம்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அடிப்பெட்டிக்குள் இழுக்கப்படுகிறது. கீழே இறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டு, பக்கவழிகள் மூலம் மேலே செல்கிறது. ஆகவே அடிப்பெட்டியில் எண்ணெய்க் குளம் வைக்க இயலாது. பெட்ரோலிலேயே சிறிது எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதமானால், லிட்டர் ஒன்றுக்கு 40 மில்லி லிட்டர் எண்ணெய். அந்த எண்ணெய், பனித்துளிபோல் பரவி, பேரிங்குகளின் மேல் படிகிறது. அந்தப் பனித்துளியே அவற்றின் உணவு.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. வெறும் உலோகப் புதர் போன்ற பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய் வேண்டும். இங்கே அது இல்லை. எனவே குண்டுகளோ உருளைகளோ கொண்ட பேரிங்குகளே இங்கு ஏற்றவை. அவை சிறிதளவு எண்ணெயிலும் வாழும். இது முதல் உண்மை. அந்தச் சிறிதளவு எண்ணெயும் குண்டுகளை அடையும்படி வழி திறந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது உண்மை. இந்த இரண்டாவது உண்மையை மறந்ததே எங்கள் துன்பத்தின் முதற்காரணம்.

இனிப் பேரிங்கின் எண்ணைப் படிப்போம். குண்டு பேரிங் புதிதன்று. வேல்ஸ் நாட்டில் பிலிப் வாகன் என்பவர் 1794-ஆம் ஆண்டிலேயே வண்டி அச்சுக்குக் குண்டுகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒரே அளவான, பிழையற்ற எஃகுக் குண்டுகளைப் பெருமளவில் செய்வது எளிதாக இல்லை. ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர் 1883-ஆம் ஆண்டில் குண்டுகளை அரைக்கும் இயந்திரம் கண்ட பிறகே இத்தொழில் வளர்ந்தது. நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் பேரிங் தொழிற்சாலை தோன்றியது. இன்று பல நாடுகளின் தொழிற்சாலைகள் பேரிங் செய்தாலும், பொது அளவுகளுக்கான அடிப்படை எண் ஒன்றே. இது உலக மக்கள் சண்டையின்றி ஒப்புக்கொண்ட சில மொழிகளுள் ஒன்று.

எடுத்துக்காட்டாக 6305 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எண்ணாகிய 6, இது ஒற்றை வரிசையில் ஆழ்ந்த பள்ளத்தில் குண்டுகள் உருளும் வகை என்பதைக் குறிக்கும். அடுத்த 3, பருமனின் வரிசையைக் குறிக்கும். 2 என்றிருந்தால் சற்று மெலிந்தது. கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 05-ஐ ஐந்தால் பெருக்க 25. ஆகவே 6305 என்பது 25 மில்லிமீட்டர் துளையும், 62 மில்லிமீட்டர் வெளிவிட்டமும், 17 மில்லிமீட்டர் அகலமும் உடையது. 6205-க்கும் துளை அதே 25 தான்; ஆனால் வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்தப் பெருக்கல் விதி 04 முதல்தான் செல்லும். 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர்களைக் குறிக்கும். நான் சொல்லும் எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. உங்கள் வண்டிக்கு எது என்பதை அவ்வண்டியின் உதிரிப்பாகப் புத்தகத்தைப் பார்த்தும், கழற்றிய பேரிங்கின் வளையத்தைத் துடைத்துப் படித்தும், அளவுக் கருவியால் அளந்தும், மூன்றும் ஒத்துப்போன பிறகே முடிவு செய்ய வேண்டும். முன்பு யாரேனும் தவறான பேரிங்கைப் போட்டிருக்கலாம் அல்லவா?

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளே நான் முன்பு சொன்ன வால். அவற்றுள் மிக முக்கியமானது சி-3 என்பது. இதைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்குப் போட வேண்டும், அஞ்ச வேண்டாம்.

புதிய பேரிங்கைக் கையில் எடுத்து அசைத்தால் மிக மெல்லிய ஆட்டம் தெரியும். குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் துளையுள்ள சாதாரண குண்டு பேரிங்கில் இந்த இடைவெளி 5 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். சி-3 என்று பொறித்ததில் 13 முதல் 28 மைக்ரான் வரை இருக்கும். எந்த எழுத்தும் இல்லையென்றால் அது சாதாரண வகை என்று பொருள்.

இந்தச் சில மைக்ரான்களில் என்ன வந்துவிடப் போகிறது? பாருங்கள். கிராங்க் தண்டின்மேல் பேரிங் இறுக்கமாக ஏறி உட்கார வேண்டும். தண்டு துளையைவிட 10 மைக்ரான் பெரிது என்று கொள்வோம். தண்டு நுழையும்போது உள்வளையம் விரியும். அதனால் இடைவெளியில் சுமார் 8 மைக்ரான் குறையும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது வெப்பம் தண்டு வழியாக வருவதால் உள்வளையம் வெளிவளையத்தைவிடச் சூடாக இருக்கும். வேறுபாடு 10 டிகிரி என்று கொள்வோம். எஃகின் விரிவுக் கெழு டிகிரிக்குப் பத்துலட்சத்தில் 12 பங்கு. பேரிங்கின் சராசரி விட்டம், 25-க்கும் 62-க்கும் நடுவில், 43.5 மில்லிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 5 மைக்ரான் வரும். ஆக மொத்தம் 13 மைக்ரான் போய்விட்டது.

சாதாரண பேரிங்கில் தொடக்கத்தில் 5 மைக்ரான் மட்டுமே இருந்தால், 13-ஐ எங்கிருந்து கொடுப்பது? இடைவெளி தீர்ந்து, குண்டுகள் இரு வளையங்களுக்கும் நடுவே நசுங்கும். நசுங்கினால் சூடு, சூட்டினால் உள்வளையம் மேலும் விரியும், விரிந்தால் மேலும் நசுங்கும். கடன் வாங்கியவன் வட்டிக்கு வட்டி கட்டுவதுபோல இது முடிவில்லாமல் வளரும். சி-3 வகையிலோ, மிகக் குறைந்த நிலையாகிய 13 மைக்ரானும் கணக்கைச் சரிக்கட்டிவிடும். பல பழைய இருவீச்சு எஞ்சின்களின் தலைமைப் பேரிங்குகளுக்குச் சி-3 கேட்கப்படுவதன் காரணம் இதுவே.

அப்படியானால் இன்னும் தளர்வான சி-4 மேலும் நல்லதோ என்று கேட்கலாம். அன்று. இடைவெளி மிகுந்தால் சுமை பல குண்டுகளின்மேல் பரவாமல் ஒன்றிரண்டின்மேல் விழும், தண்டு துள்ளும், ஓசை மிகும், தண்டின் முனையில் உள்ள ஆயில் சீலும் விரைவில் கெடும். தயாரித்தவர் சி-4 என்று சொல்லியிருந்தால் மட்டுமே அதை நாட வேண்டும். இறுக்கமும் தீது, தளர்ச்சியும் தீது, அளவே அழகு.

வாலில் வரும் அடுத்த எழுத்துகள் மூடியைப் பற்றியவை. 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி; இசட்இசட் என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. சக்கரத்திற்கு இவை சிறந்தவை. தூசியைத் தடுத்து உள்ளே உள்ள கிரீஸைக் காக்கும். ஆனால் எண்ணெய்ப் பனியையே உணவாகக் கொண்ட தலைமைப் பேரிங்குக்கு மூடி போடுவது, பசித்தவன் வாயைக் கட்டுவதாகும். பெட்ரோல் மெல்லக் கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். புதிய எண்ணெயோ தாராளமாக உள்ளே வராது. எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். மூடியுள்ள, சாதாரண இடைவெளியுள்ள பேரிங்கை, மூடியிருப்பதால் உயர்ந்தது என்று நம்பிப் போட்டிருந்தார்கள். இரண்டு தவறுகள் கைகோத்து வந்தன. பட்டறைக்காரர் தீயவர் அல்லர். எண்ணை மட்டும் படித்து வாலைப் படிக்காதவர். படிக்காமல் விட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கூட்டையும் கவனிக்க வேண்டும். எஃகுத் தகட்டுக் கூடு, பித்தளைக் கூடு, பாலியமைடு என்னும் நைலான் வகைக் கூடு என மூன்று உண்டு. நைலான் கூடு இலேசானது, ஓசை குறைந்தது. ஆயினும் 120 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. பழைய காற்றுக்குளிர் எஞ்சினுக்கு எஃகுக் கூடே ஐயமற்ற தேர்வு. சில எஞ்சின்களில் வெளிவளையத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் வளையக் கம்பி பொருத்தி, பேரிங் நகராதபடி செய்திருப்பார்கள். அத்தகைய பேரிங்குக்கு எண்ணின் பின் என் என்ற எழுத்து இருக்கும். பள்ளமில்லாததை வாங்கி வந்தால் தண்டு பக்கவாட்டில் அலையும். இன்னும் சிலவற்றில் ஒருபுறம் குண்டும் மறுபுறம் உருளையும் இருக்கும். கழற்றும்போதே எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வது அறிவுடைமை.

பேரிங்கோடு ஆயில் சீல்களையும் மாற்றியே தீர வேண்டும். அடிப்பெட்டி ஒரு பம்பு என்றேன். சீல் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறையும். எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் இறுகும். புதிய பேரிங்கும் பழைய சீலும் சேர்வது, புதுக் கதவும் பழந்தாழ்ப்பாளும் போன்றது.

வாங்கும் இடத்தில் விழிப்பு வேண்டும். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் வண்டிப் பாகங்கள் நிறையக் கிடைக்கும். எந்த ஊராயினும், புகழ்பெற்ற பெயரைப் பொறித்த போலிப் பேரிங்குகள் உலகெங்கும் உலவுகின்றன. விலை நம்பமுடியாதபடி குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நலம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், இரசீதோடு, உறை பிரிக்காததாக வாங்குங்கள். கழற்றி எடுத்த பழைய பேரிங்கைக் கழுவி மீண்டும் போடும் சிக்கனம் வேண்டாம். கொட்டகையில் கிடந்த எஞ்சினில் ஈரம் புகுந்து குண்டுகளில் துருப்புள்ளிகள் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புள்ளியும் நாளடைவில் பள்ளமாகும்.

இறுதியாகப் பொருத்தும் முறை. மரச்சக்கரத்திற்குக் கொல்லர் இரும்புப் பட்டை போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் இறக்கி, நீர் ஊற்றிக் குளிரச் செய்வார். அந்தக் கொல்லரின் அறிவே இங்கும் வழிகாட்டி. எஞ்சினின் பெட்டி அலுமினியம். அது எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். அதன் கெழு பத்துலட்சத்தில் 23 பங்கு. 62 மில்லிமீட்டர் துளையுள்ள பெட்டியை 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குச் சூடேற்றினால், துளை 114 மைக்ரான் பெரிதாகும். பேரிங்கைச் சூடேற்றாமல் குளிர்ச்சியாக வைத்திருந்தால், அது சம்மட்டியின் உதவியின்றித் தானே துளைக்குள் இறங்கும். பெட்டியில் பெட்ரோல் வாடையும் இல்லாதபடி கழுவி உலர்த்திய பிறகே சூடேற்ற வேண்டும். தீச்சுடரால் அன்று, சூட்டடுப்புக்குள் வைத்துச் சீராக.

அழுத்த வேண்டியிருந்தால், பெட்டிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். தண்டின்மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும். மாறிச் செய்தால் விசை முழுதும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, பளபளக்கும் பள்ளத்தில் வடுக்கள் விழும். பேரிங் பிறந்த அன்றே முதுமை அடைந்துவிடும். துளை தேய்ந்து பேரிங் தளர்வாகச் சுழன்றால், துளையின் ஓரத்தில் உளியால் குத்திப் புள்ளி வைத்து இறுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது நோயை மறைக்கும் முறையே தவிர, தீர்க்கும் முறையன்று. கடைசல் பட்டறையில் புதிய வளையம் போட்டுத் துளையைச் சரியான அளவுக்குக் கடைவதே நேர்வழி.

தம்பியின் எலும்பு கூடிற்று. வண்டியையும் மீண்டும் கட்டினோம். இம்முறை பேரிங் வாங்க நானே போனேன். கடைக்காரர் எண்ணைக் கேட்டார். எண்ணைச் சொல்லி, சி-3, மூடியற்றது, எஃகுக் கூடு என்று முழுவதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “முழுசாச் சொல்றீங்களே, சார்!” என்றார். அதற்கு நாங்கள் கொடுத்த விலை அவருக்குத் தெரியாது.

வண்டி இன்றும் ஓடுகிறது. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினோம். இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் பிடியின்மேல். அடிப்பகுதியிலிருந்து புதிய ஓசை எது எழுந்தாலும் சமாதானம் சொல்லிக்கொள்வதில்லை; நிறுத்திப் பார்க்கிறோம். எங்கள் ஊர் முதியவரின் வாக்கில் ஒரு சிறு திருத்தம் செய்ய எனக்கு இப்போது துணிவு உண்டு. அச்சும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. கேட்கும் காது நமக்கு வேண்டும்.